இரு வாசிப்பு: பியானோ மாணவர் கேள்வி – பதில்

புத்தகத்தையும் வாசிக்கிறோம், பியானோவையும் வாசிக்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு வாசிப்பையும் சேர்த்துக் கேட்டவை. சங்கீதப் புத்தகம், கவிதை, நாவல் எல்லாம் கலந்துதான் வருகின்றன.

கேள்வி: ஐந்தாம் கிரேட் முடித்துவிட்டேன். ரீச்சர் ஹைன்றிக் நெய்ஹவுஸ் எழுதிய பியானோ நூலின் ஆங்கிலப் பதிப்பைத் தந்தார். பெரிய பெரிய கதையாக இருக்கிறது, விரலுக்கு ஒன்றும் இல்லை. தொடர்ந்து வாசிக்கலாமா? — மாணவி, நல்லூர்

வாசிக்கலாம், ஆனால் முதற் பக்கத்திலிருந்து வேண்டாம். 1958இல் மொஸ்கோவில் வெளிவந்த நூல் அது. ரிக்டரும் கிலெல்ஸும் படித்த வகுப்பின் ஆசிரியர் எழுதியது. கையில் ஏற்கெனவே எல்லாம் இருக்கிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியதால், விரலைப் பற்றி ஒரு சொல் வரமுன்பே இசையின் உருவம், கற்பனை என்று ஓர் அத்தியாயம் ஓடிவிடுகிறது. நீங்கள் ஒலி பற்றிய அத்தியாயத்தில் தொடங்குங்கள். விசை, திணிவு, வேகம், உயரம் என்று பௌதிகவியல் எழுத்துகளைப் போட்டு விளக்கும் இடம் அங்கேதான் வருகிறது. புத்தகத்தின் மிக உபயோகமான பக்கங்கள் அவை.

அதைக் கதிரையில் இருந்து வாசித்தால் விளங்காது. பியானோவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். கீ ஒன்று மேலிருந்து அடிவரை இறங்கும் தூரம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். அடியைத் தொடச் சற்று முன்னர், சுத்தியல் கம்பிக்கு 2, 3 மில்லிமீற்றர் கிட்டப் போனதும், பொறி அதைக் கைவிட்டுவிடும். மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே பறந்து கடக்கிறது. ஆகவே, கீ அடியைத் தொட்ட பிறகு நீங்கள் எவ்வளவு உருகி அழுத்தினாலும் அந்தச் சுரத்தில் ஒன்றும் மாறாது. "கீயின் அடியில் பாடு" என்று எந்தப் புத்தகம் சொன்னாலும், அடிக்கு வரும் வழியில் வேகத்தை எப்படி வைத்திருந்தாய் என்றுதான் அதற்குப் பொருள்.

நடு சி கீயைச் சத்தமே வராதபடி மெல்ல மெல்ல இறக்குங்கள். கிட்டத்தட்ட அடியில் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும். இப்போது அதைவிட மயிரிழை வேகமாக. சத்தம் மட்டுமட்டாக வருகிற இடம்தான் உங்கள் பியானோவின் பியானிஸ்ஸிமோ, அதாவது மிக மெல்லிய ஒலி. பத்துத் தடவை செய்து எத்தனை தடவை ஊமையாகப் போகிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் அந்தக் கையால் மெல்லிய இடங்களை இன்னும் நம்பி வாசிக்க முடியாது. வீட்டில் இருப்பது பாரமில்லாத கீ உள்ள கீபோர்ட் என்றால் இந்தச் சோதனை வேலை செய்யாது. அதில் கைவிடும் பொறி இல்லை. கீ இறங்கும் வேகத்தை மட்டும் அளந்து சத்தம் தரும் கருவி அது. மலிவானதில் அந்த அளவும் இல்லை.

நெய்ஹவுஸுக்கு முன்னால் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற ஒன்று வேண்டுமென்றால், இசையமைப்பாளர் ஷூமான் இளம் இசைக்காரர்களுக்கு எழுதி 1850இல் வெளியிட்ட விதிகள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றிரண்டு வரிகள். சில இன்றைக்குப் பாட்டி உபதேசம் போலத்தான் இருக்கும். பரவாயில்லை, மற்றவை கூர்மையானவை.

கேள்வி: ஹனனின் விரற்பயிற்சிகளைப் பியானோவில் வாசிக்கும்போது மகள் ஸ்டாண்டில் கதைப்புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறாள். நேரம் மிச்சம் என்கிறாள். — தாய், கொக்குவில்

பெரிய ஆட்களும் செய்த களவுதான். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பேர்பெற்ற பியானோக்காரர் கல்க்பிரென்னர், கையைத் தாங்கும் சட்டகம் பூட்டிப் பயிற்சி செய்கையில் எதையாவது வாசிக்கச் சொன்னவர். ஆனால் ஹனனின் முதலாம் பயிற்சி 4ஆம், 5ஆம் விரல்கள் சமனாக ஒலிக்கிறதா என்று காது கேட்பதற்கானது. காது கதையில் இருந்தால் 60 பயிற்சியும் விரல் நோவுக்குத்தான் உதவும். 60ஐயும் விட்டு இரண்டை எடுத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம், புத்தகத்தை மூடி வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கதைப்புத்தகத்துக்கு அந்த மிச்ச நேரத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள், பறிக்காதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு சொற்றொடரையும் கவிதை சொல்வதுபோல வாசிக்கச் சொல்கிறார்கள். பிராம்ஸின் ஓபஸ் 10 முதலாவது பலாட்டுக்கு ஒரு ஜேர்மன் கவிதை இருக்கிறதாம். எனக்கு ஜேர்மன் தெரியாது. தமிழ்க் கவிதை இதற்கு உதவுமா? — மாணவர், பருத்தித்துறை

அந்த பலாட்டின் தலைப்பிலேயே பிராம்ஸ் குறிப்புப் போட்டிருக்கிறார்: ஹேர்டர் தொகுத்த நூலிலுள்ள "எட்வேர்ட்" என்ற ஸ்கொட்லாந்துக் கதைப்பாட்டு அது. இரத்தம் தோய்ந்த வாளோடு வந்த மகனைத் தாய் கேள்வி கேட்கிறாள். முதல் அடியின் ஜேர்மன் சொற்கள் தொடக்கச் சுரங்களின்மேல் அசைக்கு அசை உட்காரும். மொழி தெரியாவிட்டால் யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்பது போதும். மெதுவான பகுதி தாயின் கேள்வி, சற்று வேகமெடுக்கும் பகுதி மகனின் பதில். இரண்டையும் ஒரே குரலில் வாசிப்பதுதான் இங்கே வழமையான பிழை.

தமிழ்க் கவிதை உதவும். எப்படி என்பதற்கு நம்மூர்ச் சரக்கு ஒன்றையே எடுப்போம். தவிலுக்குப் பேர்போன அளவெட்டியில் பிறந்த மகாகவி, அதாவது உருத்திரமூர்த்தி, 1966இல் குறும்பா என்ற வடிவத்தைப் புத்தகமாகத் தந்தார். ஐந்து அடி. முதலாம், இரண்டாம், ஐந்தாம் அடிகளில் மும்மூன்று சீர், கடைசிச் சொற்கள் இயைபு கொள்ளும். நடுவிலுள்ள இரண்டு அடிகளில் இவ்விரண்டு சீர். பக்கத்தில் பார்த்தால் நடு ஒடுங்கிய உடுக்குப் போல இருக்கும்.

ஏதாவது ஒரு குறும்பாவை எடுத்து, சீருக்கு ஒரு தட்டாகக் கையால் தட்டிச் சொல்லுங்கள். முதலடி மூன்று தட்டு, பிறகு வாய் தானாக ஒரு தட்டு ஓயும். இரண்டாமடியும் அப்படியே. மூன்றாமடிக்கும் நான்காமடிக்கும் இடையில் ஓய்வே இராது, இரண்டும் இரண்டும் நான்காக ஓடிவிடும். கடைசியடி மூன்றும் ஓர் ஓய்வும். மொத்தம் 16 தட்டு.

இப்போது பீத்தோவனின் முதல் சொனாட்டா, ஓபஸ் 2 இலக்கம் 1, எஃப் மைனர். தொடக்கத்தில் எட்டு பார் (இரண்டு தாளக்கோடுகளுக்கு இடைப்பட்டது ஒரு பார்). தாளம் பாருக்கு இரண்டு மினிம், அதாவது இரண்டு தட்டு. ஆகவே எட்டு பாருக்கு 16 தட்டு. வாக்கியம் உடையும் விதத்தைப் பாருங்கள்: இரண்டு பார், இரண்டு பார், ஒரு பார், ஒரு பார், இரண்டு பார். அதாவது 4, 4, 2, 2, 4 தட்டு. குறும்பாவின் கணக்கு ஒரு தட்டும் பிசகாமல் இதே கணக்குத்தான். யாரும் யாரையும் பார்த்துச் செய்ததல்ல. நீளம், நீளம், குறுக்கம், குறுக்கம், பிறகு மீண்டும் நீளம் என்று வருவது பகிடி சொல்கிறவனுக்கும் பொருந்துகிறது, பதற்றத்தைக் கூட்டுகிறவனுக்கும் பொருந்துகிறது.

இதிலிருந்து விரலுக்கு என்ன கிடைக்கிறது? 2ஆம் பார் முடிவிலும் 4ஆம் பார் முடிவிலும் அடி முடிகிறது, கை எழும்பி மூச்சு விடலாம். 5ஆம், 6ஆம் பார்களில் ஸ்ஃபோர்ட்ஸாண்டோ (திடீர் அழுத்தம்) குறி இருப்பதால் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு நிற்பார்கள். அங்கே நிற்கக் கூடாது, அவை குறும்பாவின் ஓயாத நடுவடிகள். 7ஆம் பாரில் ஃபோர்ட்டிஸ்ஸிமோ, மிக உரக்க. 8ஆம் பாரில் திடீரென்று "பியானோ" குறி, அதாவது மெல்ல, பிறகு நிறுத்தக்குறி. பகிடியின் கடைசிச் சொல்லை உரக்கத் தொடங்கித் தாழ்த்தி முடித்து, கேட்பவர் முகத்தைப் பார்ப்பது போல. மேற்சுரங்கள் ஏ பிளாட், பி பிளாட், மறுபடி ஏ பிளாட், பி பிளாட், பிறகு சி என்று ஏறுவதை வலது கையின் ஒற்றை விரலால் தனியே தட்டிப் பார்த்தால் இந்த ஏற்றம் இன்னும் தெளிவாகும்.

தமிழ் வாய் கெடுக்கிற ஓர் இடமும் உண்டு. சொல்லின் முதலசையில் ஊன்றிப் பழகிய நாக்கு நமக்கு. இந்தச் சொனாட்டா பாருக்கு முன் விழும் ஒரு சியில் தொடங்குகிறது. அதைக் கனமாகப் போட்டுவிடுவோம், கேட்பவருக்குத் தாளமே அரைத் தட்டுத் தள்ளி விளங்கும். கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் இதை அதீத எடுப்பு என்று நினைத்தால் சரி: தாளம் விழமுன் பாட்டுத் தொடங்கிவிடுகிறது. சிக்கு "த" என்று மெல்லவும், பாரின் முதல் எஃபுக்கு "தாம்" என்றும் வாயால் சொல்லிக்கொண்டு வாசித்தால் ஒரு நாளில் திருந்தும்.

கேள்வி: தோமஸ் மான் எழுதிய "டொக்டர் ஃபவுஸ்டஸ்" நாவலை ஆங்கிலத்தில் வாசிக்கிறேன். எட்டாம் அத்தியாயத்தில் பீத்தோவனின் ஓபஸ் 111 பற்றி நீண்ட விரிவுரை. அந்தச் சொனாட்டா என் கைக்கு எட்டாதது. அத்தியாயத்தைத் தாண்டிப் போகவா? — ஆசிரியை, சுண்டுக்குளி

தாண்டாதீர்கள். 1947இல் வந்த அந்த நாவலில் பியானோக்காரருக்கென்றே எழுதியது போன்ற பக்கங்கள் அவை. திக்குவாய் கொண்ட விரிவுரையாளர் ஒருவர் பியானோவில் வாசித்துக்கொண்டே, வாசிப்புக்கு மேலாகக் கத்தி விளக்குகிறார். 1822இல் முடித்த இந்தச் சொனாட்டாவுக்கு ஏன் இரண்டே பகுதிகள், மூன்றாவது எங்கே என்பதுதான் கேள்வி.

முழுச் சொனாட்டா கைக்கு எட்டாது, சரி. ஆனால் இரண்டாம் பகுதியின் கருப்பொருளான அரியெட்டாவின் மேற்குரல் மூன்றாம் கிரேட் பிள்ளைக்கும் எட்டும். தாளம் 9/16. பயப்பட வேண்டாம், மும்மூன்றாக மூன்று கூட்டம் என்று எண்ணினால் போதும். முதல் மூன்று சுரம்: சி, ஜி, ஜி. சி இரண்டு மாத்திரை, முதல் ஜி ஒன்று, அடுத்த ஜி ஆறு. பிறகு அதே அளவில் டி, ஜி, ஜி. நாவலில் விரிவுரையாளர் இந்த மூன்று சுரத்துக்கும் மூன்றசைச் சொற்களைப் போட்டுப் பாடுகிறார், அவற்றில் விடைகொடுக்கும் சொல்லும் ஒன்று. மொழிபெயர்ப்பில் அந்த இடம் கட்டாயம் சப்பென்று போகும், ஏனென்றால் அசைக்கணக்கு மொழி மாறினால் நிற்காது. நமக்கோ ஒரு சொல் தயாராக இருக்கிறது: "போட்டு வா", போய்விட்டு வா என்பதன் நம்மூர்ப் பேச்சு. போட் இரண்டு, டு ஒன்று, வா நீளம். படலையில் நின்று தினமும் சொல்வதுதான்.

இதைச் சொல்லிக்கொண்டு ஐந்தாறு தடவை வாசித்தபின் அத்தியாயத்தின் முடிவுக்குப் போங்கள். பகுதியின் கடைசியில் கருப்பொருள் திரும்பி வரும்போது சிக்கும் டிக்கும் நடுவே ஒரு சி ஷார்ப் கூடுகிறது: சி, சி ஷார்ப், டி, ஜி, ஜி. "இனிப் போட்டு வா". ஒரு சுரம் கூடியதும் விடைபெறுதல் ஆறுதலாக மாறிவிடுகிறது என்று நாவல் அந்த ஒற்றைச் சுரத்தில் நின்று பேசும். அரைச்சுரம் ஒன்று இவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்று ஐயப்பட்டால், சி ஷார்ப்பை விட்டு ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். தாங்குகிறது என்பது என் கணிப்பு. அதே நாவலில் வேறு இடங்களில், இல்லாத இசையமைப்புகளை மான் பக்கக்கணக்காக வர்ணிக்கிறார். அவற்றை வேகமாகப் புரட்டலாம், விரலுக்கு அங்கே சோதிக்க ஒன்றும் இல்லை.

கேள்வி: டோல்ஸ்டோயின் "குரொய்ற்சர் சொனாட்டா" வாசித்தேன். பியானோவும் வயலினும் சேர்ந்து வாசிப்பதே ஆபத்து என்பது போல இருக்கிறது. அந்த இசை அவ்வளவு பொல்லாததா? — உயர்தர மாணவர், மானிப்பாய்

1889இல் எழுதிய குறுநாவல் அது. ரயிலில் ஒரு கணவன், தன் மனைவியைக் கொன்றதைச் சொல்லிக்கொண்டு வருகிறான். மனைவி பியானோ, வந்தவன் வயலின். இவர்கள் வாசித்தது பீத்தோவனின் ஓபஸ் 47. முதற் பகுதியின் பிறெஸ்ரோவை, அதாவது மிக வேகமான பாகத்தை, வரவேற்பறையில் வாசிக்கவே விடக்கூடாது என்கிறான் கணவன். அது பொறாமைக்காரனின் வாய், இசை விமர்சனம் என்று எடுக்க வேண்டாம்.

ஆனாலும் அவன் காது ஓரிடத்தில் சரியாகக் கேட்டிருக்கிறது. இதில் பியானோ பக்கவாத்தியம் அல்ல. கொன்சேர்ட்டோவைப் போல இருவர் போட்டியிட எழுதியது என்று பீத்தோவனே தலைப்பில் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தை மட்டும் கேளுங்கள்: வயலின் தனியே நான்கு பார் ஏ மேஜரில் சொல்லும், பியானோ அதை வாங்கி மைனர் பக்கம் இருட்டாக்கித் திருப்பிக் கொடுக்கும். சண்டை அங்கேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் பகுதியும் முடிவும் சாதாரணமானவை என்று அவன் தள்ளுவதை நான் ஒப்பவில்லை. முடிவுப்பகுதி முதலில் வேறொரு சொனாட்டாவுக்காக, ஓபஸ் 30இன் முதலாவதற்காக, எழுதப்பட்டு இங்கே மாற்றி வைக்கப்பட்டது. அந்தத் துள்ளல் இல்லாவிட்டால் முதற் பகுதியின் கொதிப்பு அடங்காது. பெயரைப் பற்றியும் ஒரு சொல்: 1803இல் வியன்னாவில் பீத்தோவனோடு இதை முதலில் வாசித்தவர் வயலின்காரர் பிரிட்ஜ்ரவர். சொனாட்டாவின் பெயருக்குரிய வயலின்காரர் குரொய்ற்சர் இதை மேடையில் வாசித்ததே இல்லை. நாவலும் சேர்ந்து, வாசிக்காதவனின் பெயரை ஊரெல்லாம் பரப்பிவிட்டது.

கேள்வி: மருதனார்மடத்தில் வாய்ப்பாட்டுப் படிக்கிறேன், வீட்டில் பியானோவும் உண்டு. "மோகமுள்" வாசித்தபிறகு பியானோவில் சுருதி சேரவில்லை என்று காது சொல்கிறது. கற்பனையா? — மாணவி, இணுவில்

கற்பனை இல்லை. அந்த நாவலில் பாட்டு ஆசான் ரங்கண்ணாவிடம் பாபு கற்பது பாட்டைவிடக் கேட்பதைத்தான். தி. ஜானகிராமனின் அந்தப் பக்கங்களை வாசித்தவருக்குக் காது கூர்மையாவது இயல்பு. கணக்கு இப்படி: தம்புராவின் மந்தரக் கம்பியில் தானாக எழும் அந்தர காந்தாரம், ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட். ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்த அளவு சென்ட். அதே இடைவெளி, மேஜர் தேர்ட், பியானோவில் 400. பதினான்கு சென்ட் கூட. நடு சியையும் அதன் மேல் ஈயையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், நன்றாகச் சுருதி கூட்டிய பியானோவிலும் விநாடிக்கு ஏறத்தாழ பத்துத் தடவை ஓர் அலைப்பு ஓடும். உங்கள் காது பிடித்தது அதைத்தான். பஞ்சமத்தில் வித்தியாசம் இரண்டே சென்ட், அது உறுத்தாது.

கருவியைக் குறைசொல்ல வேண்டியதில்லை, பன்னிரண்டு சுருதியிலும் வாசிக்க வேண்டியதால் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்த ஏற்பாடு அது. செய்யக்கூடாதது ஒன்றுதான்: பியானோவை வைத்துக்கொண்டு வர்ணம் பாடிப் பழகுவது. காந்தாரம் மெல்ல மேலேறிப் பழகிவிடும், பிறகு தம்புராவோடு இருக்கும்போது இறக்குவது பெரும்பாடு.

கேள்வி: டெபுசியின் பிரெலூட்கள் என்ற சிறு பியானோ ஆக்கங்களில் தலைப்பு ஏன் கடைசியில் இருக்கிறது? — உடுவில்

1910, 1913 என இரண்டு புத்தகம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு. தலைப்பு முடிவில், மூன்று புள்ளிக்குப் பின் அடைப்புக்குறிக்குள். முதலில் கேள், பிறகு பெயரைப் பார் என்பதுதான் கருத்து. தலைப்புகளில் ஒன்று ஒரு கவிதை வரி, பிரெஞ்சுக் கவிஞர் பொட்லேயருடையது. உங்கள் மாணவருக்கு முடிவில் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துக் கொடுங்கள். அவர்கள் வைக்கும் பெயர் பெரும்பாலும் மோசமாக இருக்கும். ஆனால் தலைப்புத் தெரிந்து வாசிப்பவரைவிடக் கவனமாக வாசிப்பார்கள்.

கேள்வி: மாரி மழையில் மியூசிக் புத்தகங்களின் நடுக்கம்பி கறளேறி நடுப்பக்கங்கள் கழன்றுவிட்டன. போட்டோக்கொப்பி எடுத்து ஸ்பைரல் போடவா? — வட்டுக்கோட்டை

கொப்பிக்கு ஓடாதீர்கள். இந்தப் புத்தகங்கள் ஏறத்தாழ 23 சென்றிமீற்றர் அகலம், ஏ4 தாள் 21. அகலத்துக்குப் பொருத்தினால் எல்லாம் 91 வீதத்துக்குச் சுருங்கும். விரல் எண்கள் மங்கிவிடும். ஸ்பைரல் துளைகள் இடது ஓரத்தின் எண்களைத் தின்னும், அதனால் அங்கே ஒன்றரைச் சென்றிமீற்றர் வெறுமையாக விடச் சொல்ல வேண்டும். காப்புரிமையும் இருக்கிறது: இலங்கையில் ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு. பீத்தோவனுக்குப் பிரச்சினை இல்லை, பதிப்பாசிரியர் புதிதாகப் போட்ட விரல்குறிகளுக்கு இருக்கலாம்.

தைப்பது சுகம். நனைந்திருந்தால் முதலில் காற்றாடிக்குக் கீழே காயட்டும், வெயிலில் வேண்டாம், தாள் நெளிந்துவிடும். நடுப்பக்கத்தை விரித்து, கறள் கம்பியின் கால்களைக் கத்தியின் முதுகால் நிமிர்த்தி வெளிப்பக்கமிருந்து இழுத்தெடுங்கள். உள்ளேயிருந்து பிய்த்தால் தாள் கிழியும். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து ஐந்து சென்றிமீற்றர் தள்ளி ஒவ்வொன்று. புத்தக உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நீளமான பருத்தி நூலில் மெழுகுதிரியைத் தேயுங்கள். உள்ளே நடுத்துளையில் தொடங்கி வெளியே, மேல்துளையால் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியே, மறுபடி நடுத்துளையால் உள்ளே. இரண்டு நுனியும் இப்போது நடுவில், நீளத் தையலின் இரு பக்கத்திலும் ஒவ்வொன்றாக நிற்க வேண்டும். ஒரே பக்கத்தில் நின்றால் தையல் தளரும், ஒன்றை மறுபக்கம் எடுத்து, அந்த நீளத் தையலை நடுவில் அகப்படுத்தி முடியுங்கள்.